பாட்டு தெரியாது என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்

ஒரு பாட்டின் விலை எண்பத்தாறாயிரத்து நானூறு யூரோ. மதிப்புக் கூட்டு வரி தனி.

பேரம் பேசி முடித்தவன் நான்தான். எங்கள் ஊர் ரோஸ்கீலில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், "ஃபெஸ்டி நல்ல விலைக்குத்தான் தள்ளிவிட்டான்" என்பார்கள். என் அப்பா மாட்டுத் தரகர். உள்ளங்கையில் துப்பி, எதிராளியின் கையில் அறைந்து பேரத்தை முடிக்கிற காலத்து மனிதர். மாட்டின் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் வாங்க வந்தவனின் பூட்ஸைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர். மாடு என் காலத்தில் கட்டுப்படியாகவில்லை. நான் கடை வைத்தேன். எரிவாயு உருளை, ஆட்டுக்குப் புழு மருந்து, இரங்கல் அட்டை, பிறந்தநாள் கேக், எல்லாம் ஒரே கூரையின் கீழ். கடையில் கல்லாப்பெட்டி இருக்கிறது என்ற ஒரே தகுதியில் ஊர் மண்டபக் கமிட்டிக்கு என்னைப் பொருளாளராகப் போட்டிருந்தார்கள்.

அந்த மண்டபத்தின் கூரைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கடலிலிருந்து வருகிற காற்றுக்கு முதலில் மாட்டுவது ரோஸ்கீல், ரோஸ்கீலில் முதலில் மாட்டுவது மண்டபம். வியாழக்கிழமை அங்கே பிங்கோ, சனிக்கிழமை நடனம், சாவு விழுந்தால் தேநீரும் சாண்ட்விச்சும். பின்சுவரில் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் உள்ளங்கையால் பந்தை அறைந்து கைப்பந்து ஆடுவார்கள். ஜனவரிப் புயலில் அந்தச் சுவருக்கு மேலே இருந்த கூரையில், இரண்டு ஆள் எடையுள்ள ஒரு துண்டு கீழே விழுந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பொறியாளர் வந்து பார்த்து, அடுத்த குளிர்காலத்துக்குள் கூரை மாற்றாவிட்டால் பூட்டிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். எண்பத்தாறாயிரத்து நானூறு என்ற தொகை அவர் கைப்பட எழுதியதுதான்.

டப்ளினில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. கலை, விளையாட்டு, மொழி, மரபு, தீவுகள் மற்றும் இதர நலன்கள் துறை. ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் அதன் பெயர் ஒரு சொல் நீளும்; கடிதத்தாளில் முகவரிக்கு இடம் குறையும்.

விளையாட்டுப் பிரிவுக்கு எழுதினோம். மண்டபத்தில் மேடை இருப்பதால் அது கலை என்றார்கள். கலைப் பிரிவுக்கு எழுதினோம். தரையில் கைப்பந்துக் கோடு இருப்பதால் அது விளையாட்டு என்றார்கள். மரபுப் பிரிவு, கட்டடம் 1961இல் எழும்பியதால் போதிய வயதாகவில்லை என்று வருத்தம் தெரிவித்து, 2061இல் மீண்டும் விண்ணப்பிக்கக் கேட்டுக்கொண்டது. மொழிப் பிரிவுதான் நம்பிக்கை தந்தது. எங்கள் ஊரில் இன்றைக்கும் வீட்டில், கடையில், சண்டையில் எல்லாம் ஐரிஷ்தான். பதில் வந்தது: 'இத்திட்டம் ஐரிஷ் பேசாதவர்களைப் பேசவைப்பதற்கானது. நீங்கள் ஏற்கெனவே பேசிவிட்டபடியால் தகுதியிழக்கிறீர்கள்.'

கமிட்டித் தலைவர் கோல்மன் இறால் படகு வைத்திருப்பவர். கடிதத்தைப் படித்துவிட்டு, "டேய் ஃபெஸ்டி, ரெண்டு வருஷம் வாயை மூடிட்டு இருந்துட்டு மறுபடி எழுதிப் பாக்கலாமா?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். வாயை மூடுவதுதான் வழி என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மார்ச் மாதம் துறையிலிருந்து ஃபியாக்ரா என்பவர் தொலைபேசியில் வந்தார். பாரம்பரிய மதிப்பீட்டு அலுவலர், முப்பத்துநாலு வயது. ஐரிஷைக் கல்லூரியில் படித்துப் பதக்கம் வாங்கியவர். அவர் பேசுவதும் எங்கள் மொழிதான், ஆனால் இஸ்திரி போட்டு மடித்து வைத்த மொழி.

"உங்கள் விண்ணப்பங்கள் மனதை உருக்கின," என்றார். "அழிவின் விளிம்பில் உள்ள மரபுகளுக்கான நிதி ஒன்று செலவழிக்கப்படாமல் இருக்கிறது. உங்களிடம் அழியும் நிலையில் ஏதேனும் உண்டா?"

"கூரை இருக்கு சார்."

"மரபு."

"கேட்டுச் சொல்றேன்," என்றேன். சரக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை.

அன்றைக்கே கமிட்டி கூடியது. "நம்ம ஊர்ல சாகக் கிடக்கிறது என்ன இருக்கு?" என்று கோல்மன் கேட்டார். "உன் படகு," என்றார் மதுக்கடை பார்ட்லி. "உன் பீரைக் குடிச்சவன்," என்றார் கோல்மன். கைப்பந்து என்றோம், பதினெட்டுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். படகுப் போட்டி என்றோம், போன வருஷம் கூட்டம் தாங்காமல் கரையில் இரண்டு பேர் தண்ணீரில் விழுந்தார்கள். இவ்வளவு ஆரோக்கியமான ஊரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எல்லோரும் வாடிப்போய் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது நான் சொன்னேன்: "நாப்லாவோட பாட்டு."

நாப்லா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். ஐம்பத்துநாலு வயது, புருஷன் இல்லை, மகள் பாஸ்டனில். அந்தப் பாட்டு அவள் வீட்டுப் பாட்டு. நூறு வருஷத்துக்கு முன்னால், தீவுக்கு அடுப்பெரிக்கக் கரி ஏற்றிக்கொண்டு போன படகு கவிழ்ந்து எங்கள் ஊரில் நாலு பேர் ஒரே நாளில் போனார்கள். நாலாவது ஆள் பதினேழு வயசுப் பையன். அவனுடைய அப்பா, நாப்லாவின் கொள்ளுத்தாத்தா, சாவு வீட்டிலேயே பாட்டுக் கட்டினார். ஒரு ஆளுக்கு ஒரு கண்ணி, கண்ணியின் கடைசியில் அந்த ஆளின் பெயர். டாரா வந்தது, மார்கஸ் வந்தது, நெட்டை பாட்ரிக் வந்தது. தன் பையன் பெயருக்கு வந்ததும் அவருக்கு வாய் எழவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஊர் அந்தப் பெயரைச் சொன்னது. பாடவில்லை, சும்மா சொன்னது. அதற்கப்புறம் அவர் கடைசி வரியைச் சொல்லி முடித்தார்.

அன்றிலிருந்து அப்படித்தான். ஆகஸ்டில் கடலில் போனவர்களுக்கான தேவாலயப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் கொடுக்கும்போது, அந்த வீட்டு ஆள் பாடும். அந்த இடத்தில் நிறுத்தும். ஊர் பெயரைச் சொல்லும். மண்டபத்தில் பால் பல் விழாத குழந்தைக்குக்கூட அந்த இடம் தெரியும்.

கடை வாசலில் பேருந்துக்கு டீசல் போட நிறுத்தியிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பாட்டைக் குடுத்தா கூரை குடுப்பாங்களா?"

"குடுக்கல்லாம் வேண்டாம் நாப்லா. ஒரு தடவ பாடிக் காட்டணும், அவ்வளவுதான். மூணு அதிகாரிங்க வருவாங்க."

"எனக்கென்ன, பாடறேன். நான் கூட்டிட்டு வர்ற பிள்ளைங்க தலையிலதானே விழப் பார்த்துச்சு." டீசல் குழாயை மாட்டிவிட்டுத் திரும்பினாள். "ஆனா அந்த எடத்துல?"

"எந்த எடத்துல?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

"நாங்கல்லாம் இருப்போம் இல்ல?" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. இதை எனக்கு ஆதரவாக எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஏப்ரலில் ஃபியாக்ரா முதல் பார்வைக்கு வந்தார். பார்ட்லியின் மதுக்கடையில் உட்காரவைத்தோம். பார்ட்லி குவளை துடைத்துக்கொண்டே அதே பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஃபியாக்ராவின் முகம் கறுத்தது.

"இவருக்கும் தெரியுமா?"

"இவருக்கென்ன சார், எல்லாருக்கும் தெரியும்," என்று பெருமையாகச் சொன்னேன். மாட்டின் கொம்பைத் தட்டிக் காட்டுகிற பெருமை.

அவர் பேனாவை மூடினார். "ஃபெஸ்டி, தவறாக எண்ணாதீர்கள். நன்றாக வாழ்கிற மரபுக்கு நாங்கள் நிதி கொடுத்தால், அது எங்களால்தான் வாழ்கிறது என்பதைத் தணிக்கையாளரிடம் எப்படி நிரூபிப்பது? அது செத்துக்கொண்டிருக்க வேண்டும். முழுதாகச் செத்திருக்கவும் கூடாது, அது தொல்லியல். ஒரே ஒருவருக்குத் தெரிந்திருப்பதுதான் உத்தமம்."

"மத்தவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா?"

"தெரியாது என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வழிவகை உண்டு. படிவம் ஏழு."

படிவம் ஏழை இன்றைக்கும் என்னால் பார்க்காமல் ஒப்பிக்க முடியும். 'மேற்படி பாடலோ, அதன் எந்த வரியோ, எந்த வரியின் எந்தச் சொல்லோ எனக்குத் தெரியாது என்றும், கண்காணிப்புக் காலமான ஐந்தாண்டுகளில் அதைத் தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' நாப்லாவைத் தவிர, ரோஸ்கீலில் பதினெட்டு வயது நிரம்பிய அறுபத்துமூன்று பேரும் போட வேண்டும்.

என் கடைக் கல்லாவில் வைத்தே கையெழுத்து வாங்கினேன். மூன்று நாள் வேலை, ஆளுக்கொரு துண்டு கேக். "என் பேத்தி தொட்டில்லயே கேட்ட பாட்டுடா," என்று தயங்கிய ஒருத்தியிடம், "பாட்டை யாரு கேட்டா, கையெழுத்தைத்தானே கேக்கறாங்க," என்றேன். பார்ட்லிதான் முரண்டு பிடித்தார்.

"நான் போட மாட்டேன். அந்தப் பாட்டு தெரியாதுன்னு சொல்றவனுக்கு என் கடையில சொட்டு பீர் கிடையாது."

"சரி. மண்டபத்தைப் பூட்டினா சனிக்கிழமை டான்ஸ் கிடையாது. டான்ஸ் முடிஞ்சு தாகமா எங்கே வருவாங்க?"

பார்ட்லி கூரையைப் பார்த்தார், தன் கடைக் கூரையை. "எந்த எடத்துல போடணும்?" என்றார்.

நாப்லாவுடைய கையெழுத்து தேவைப்படவில்லை. தேவைப்படாததால் படிவத்தை அவளிடம் காட்டவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று அறுபத்திரண்டு பேர் நினைத்தார்கள். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைத்தேன்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மதிப்பீட்டுக் குழு வந்தது. ஃபியாக்ரா, ஒலிப்பதிவுக்காரர், முதன்மை அலுவலர் டெர்வ்லா அம்மையார். அறுபத்துமூன்று பேரும் மண்டபத்துக்கு வர வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் அறியாமையை நேரில் பார்த்துப் பதிய வேண்டுமாம். மேடைக்குக் கீழே வாளிகளில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. பொருளாளர் என்பதால் என்னை அதிகாரிகளின் மேஜையில் உட்காரவைத்துக் கையில் பேனாவைக் கொடுத்தார்கள்.

டெர்வ்லா அம்மையார் எழுந்து படித்தார்: "பாடலின்போது யாரேனும் பாடலை அறிந்தவராக நடந்துகொண்டால், படிவம் பொய்யாகக் கருதப்படும். நிதி மறுக்கப்படும். கையொப்பமிட்டவர் மீது வழக்கும் தொடரப்படலாம். நன்றி. இயல்பாக இருங்கள்."

பக்கவாட்டிலிருந்து கோல்மன் மெதுவாக, "டேய், அந்த எடம் வந்தா?" என்றார்.

"பாத்துக்கலாம்," என்றேன்.

நாப்லா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேருந்துச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்; மூன்று மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்த அலுப்பு முகத்தில் இருந்தது.

"பாடுங்கள்," என்றார் ஃபியாக்ரா.

"ஐயோ, எனக்குத் தொண்டை சரியில்லீங்க."

ஃபியாக்ரா கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: 'நான்கு மணி பத்து நிமிடம். பயனாளி மறுத்துவிட்டார்.' கோப்பை மூடினார்கள். ஒலிப்பதிவுக்காரர் கம்பியைச் சுருட்டத் தொடங்கினார்.

நான் பதறிப்போய், "சார், சார், அது மறுப்பு இல்ல. கேட்ட உடனே பாடினா அது கௌரவம் இல்ல. மூணு தடவ கேக்கணும், ரெண்டு தடவ மாட்டேன்னு சொல்லணும்," என்றேன்.

ஃபியாக்ராவின் முகம் மலர்ந்தது. "ஆமாம்! என் முதுகலை ஆய்வேடே இந்த மறுப்பைப் பற்றித்தான். நேரில் பார்ப்பது இதுவே முதல்முறை."

டெர்வ்லா அம்மையார் யோசித்தார். "மறுப்பு பதிவேட்டில் ஏறிவிட்டது. ஒவ்வொரு மறுப்பையும் ரத்து செய்து அவர் கையொப்பமிட வேண்டும்." நாப்லா எழுந்து வந்து கையெழுத்துப் போட்டாள். மறுபடி கேட்டார்கள். மறுபடி தொண்டை. மறுபடி கையெழுத்து. மூன்றாவது முறை அவள் கண்ணை மூடினாள், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலது கையை நீட்டினாள்.

எங்கள் ஊரில் பாடுகிறவரின் கையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்வார். பாட்டு போகிற போக்குக்கு அதை மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார். நாப்லாவுக்கு இருபது வருஷமாக அது நான். அன்றைக்கு என் கையில் பேனா இருந்தது. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தானாகவே மடியில் இறங்கியது.

பாடினாள். டாரா போனான். மார்கஸ் போனான். நெட்டை பாட்ரிக்கும் போனான். நாலாவது கண்ணி, அப்பாவுக்குப் பிடிக்காத தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பியவனைப் பற்றியது, அதுவும் கடைசிவரை வந்தது. நிறுத்தினாள்.

அறுபத்துமூன்று பேருக்கும் அந்தப் பெயர் நாக்கின் நுனியில் இருந்தது. பார்ட்லி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒருத்தி கைக்குட்டையை வாயில் திணித்திருந்தாள். வாளியில் மழை சொட்டுவது கேட்டது. ஃபியாக்ரா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாப்லா கண்ணைத் திறந்தாள். பாட்டு நடுவில் யாரும் கண் திறந்து நான் பார்த்ததில்லை. சுவரிலிருந்து திரும்பி எங்களைப் பார்த்தாள், வரிசை வரிசையாக, பேருந்தில் எந்தப் பிள்ளை ஏறவில்லை என்று பார்ப்பது மாதிரி. என்னிடம் வந்தபோது நான் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் படிக்க ஒன்றுமில்லை.

அப்புறம் கடைசி வரியைச் சொன்னாள். எழுந்துகொண்டாள்.

டெர்வ்லா அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் பணியில் இருக்கிறேன்," என்றார். "இவ்வளவு முழுமையான இழப்பை நான் கண்டதில்லை. ஒரு வரி நம் கண்ணெதிரே அழிந்துபோனது. அந்த நேரத்தில் இந்தத் துறை இங்கே இருந்தது என்பதுதான் பெருமை."

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டார்கள். கோல்மன் அழுதுவிட்டார். அது பாடலின் பொருள் புரிந்ததற்கான அறிகுறி என்று இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள்.

வாசலில் நாப்லா சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கூரை கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடும் போல."

"நல்ல விலைதான்," என்றாள். பேருந்தில் ஏறிப் போய்விட்டாள்.

கூரை வேலைக்காக மண்டபம் பூட்டியிருந்ததால் அந்த ஆகஸ்டில் பாட்டு இல்லை. கூரை செப்டம்பரில் முடிந்தது. நல்ல கூரை, அதில் குறை சொல்ல முடியாது. திறந்து வைக்க இணை அமைச்சர் வந்தார். "இது வெறும் கூரை அல்ல," என்றார். கோல்மன் என் காதில், "எண்பத்தாறாயிரத்துக்கு வேற என்ன எழவு இது?" என்றார். அமைச்சர் தொடர்ந்தார்: "அந்தத் தொலைந்த வரியை நாடு மறக்காது. அது என்ன என்று நமக்குத் தெரியாது. ஆனால் அதன் நீளம் நமக்குத் தெரியும். பதினொரு வினாடி. முந்தைய அரசு இதை அளக்கக்கூட இல்லை என்பதை இங்கே வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்." நாங்கள் கை தட்டினோம்.

வாசலில் ஒரு பலகை நட்டார்கள். இரண்டு மொழியில், துரு ஏறாத எஃகில், 'படகில் மாண்ட மூவர் நினைவாகப் பாடப்பட்ட பாடல்' என்று எழுதியிருந்தது. கீழே பெயர்கள்: டாரா, மார்கஸ், பாட்ரிக்.

நிதியில் ஒரு பங்கைப் பாடலை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகச் செலவழிக்க வேண்டும் என்பது விதி. நாப்லாவைச் சொல்லித்தரக் கேட்டார்கள், மாட்டேன் என்றாள், இந்த முறை யாரும் மூன்று தடவை கேட்கவில்லை. டப்ளினிலிருந்து ஒரு பயிற்றுநர் வந்தாள். நல்ல பெண். பதிவைப் போட்டுக் காட்டி, எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் பாட்டைக் கற்றுக்கொடுத்தாள். அந்த இடம் வந்ததும் முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கிப் பதினொன்று வரை எண்ண வேண்டும். வசந்தத்தில் மாவட்டப் போட்டி. எங்களுக்கு இரண்டாம் பரிசு. ஒரு பையன் ஒன்பதிலேயே ஆரம்பித்துவிட்டான். 'மௌனத்தில் மரபுத் தூய்மை போதவில்லை' என்று நடுவர் எழுதியிருந்தார்.

போட்டிக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு போனது நாப்லாவின் பேருந்துதான். கால்வே வரைக்கும் ஒன்றரை மணி நேரம் பின்னால் பயிற்சி நடந்திருக்கிறது. ஒரு சின்னப் பெண் முன்னால் வந்து கேட்டாளாம்: "நாப்லா, அந்த எடத்துல ஏன் இப்ப ஒண்ணுமே இல்ல?"

"உங்கப்பாவைக் கேளு."

அந்தப் பெண் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். வீட்டுப்பாடம் எழுதிட்டியா என்றான் அப்பன்.

இதை என்னிடம் சொன்னது அந்த அப்பனேதான், கடையில் ஆணி வாங்க வந்தபோது. அன்றைக்குச் சாயங்காலம் நான் ஃபியாக்ராவுக்குத் தொலைபேசி போட்டேன்.

"அந்தப் பலகையில ஒரு பேர் விட்டுப்போச்சு சார். சேத்துடுங்களேன்."

"மகிழ்ச்சி. ஆதாரம்?"

"எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "உங்களுக்குத் தெரியாது, ஃபெஸ்டி. உங்கள் கையொப்பம் என் முன்னால் இருக்கிறது."

"அது அப்ப போட்டது."

"நிதானமாக யோசியுங்கள். நீங்கள் சொல்வது உண்மை என்றால், அறுபத்துமூன்று பொய்ச் சான்றுகள். கூரைப் பணம் வட்டியோடு திரும்ப வர வேண்டும். நீங்கள் சொல்வது பொய் என்றால் ஒரே ஒரு பொய்தான், அதையும் நான் கோப்பில் ஏற்ற மாட்டேன். உங்களுக்கு எது வசதி?" கொஞ்சம் இரக்கத்தோடுதான் கேட்டார். பிறகு அவரே வழியும் சொன்னார்: "பயனாளி வந்து அந்த வரியைச் சொல்லட்டுமே. அவருக்குத் தெரிந்திருக்கச் சட்டப்படி உரிமை உண்டு."

கமிட்டியில் வைத்தேன். பணம் திரும்பக் கொடுப்பதா என்ற கேள்விக்கு ஒரு கையும் உயரவில்லை, என்னுடையது உட்பட. நாப்லாவிடம் கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அனுப்பியது என்னைத்தான்.

பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"நீ ஒரு தடவ சொல்லிட்டா போதும் நாப்லா. பலகையில ஏத்திடுவாங்க."

"அந்தப் பேரை எங்க வீட்ல சொல்றதில்ல ஃபெஸ்டி."

"தெரியும். ஆனா நெலமை..."

"தெரியுமில்ல?" தண்ணீர்க் குழாயை மூடினாள். "நூறு வருஷமா அது எங்ககிட்ட இல்ல. உங்ககிட்டதான் குடுத்து வெச்சிருந்தாரு அந்த மனுஷன். நம்பிக் குடுத்தது. நீ வியாபாரி, உனக்கு நான் சொல்லணுமா? அடுத்தவன் குடுத்து வெச்சதை வித்தா அதுக்குப் பேரு என்ன?"

எனக்குப் பெயர் தெரியும். இரண்டு பெயரும் தெரியும். எதையும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் வந்தது. பூசை முடிந்து மண்டபத்தில் கூடினோம். துறையிலிருந்து யாரும் வரவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் நான்தான் வாசலில் நின்று கார்களைப் பார்த்தேன். ஒலிப்பதிவுக் கருவி இல்லை. படிவம் இல்லை. அன்றைக்கு மழையும் நல்ல மழை. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.

நாப்லா வரமாட்டாள் என்று நினைத்திருந்தோம். வந்தாள். கோல்மன் போய்க் கேட்டார். தொண்டை சரியில்லை என்றாள். மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னாள். மூன்றாவது முறை உட்கார்ந்தாள், கண்ணை மூடினாள், சுவரைப் பார்த்துத் திரும்பினாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்பது அந்தக் கையின் சூட்டிலேயே தெரிந்தது.

நாலாவது கண்ணியில் நிறுத்தினாள்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். கோல்மன் தொண்டையைச் செருமுவது கேட்டது. அவர் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் இருந்தார். பார்ட்லி எங்கள் இருவரையும் பார்த்தார். முதலில் சொல்கிறவன்தானே கூரைக்குப் பொறுப்பு. முன்வரிசையில் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கிக்கொண்டிருந்தார்கள். பதினொன்று ஆனதும் நிமிர்ந்து, அவள் தொடர்வதற்காகக் காத்திருந்தார்கள்.

அவள் கடைசி வரியைச் சொல்லவில்லை. என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, போய்விட்டாள்.

இதை எழுதும்போதுகூட அந்தப் பெயரை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கண்காணிப்புக் காலம் இன்னும் மூன்று வருஷம் ஒன்பது மாதம் இருக்கிறது. அன்றைய கணக்கைப் பொருளாளர் என்ற முறையில் எழுதிவைக்கிறேன்.

மண்டபத்தில் இருந்தவர்கள்: பிள்ளைகளோடு சேர்த்துத் தொண்ணூற்றொரு பேர்.
அதிகாரிகள்: ஒருவருமில்லை.
கடலில் போனவர்கள்: நான்கு.
திரும்பக் கூப்பிடப்பட்டவர்கள்: மூன்று.
பாக்கி: ஒருவன். வயது பதினேழு.